10,000 மீட்டரில் உலகச் சாதனை வீராங்கனைகளே ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறார்கள்?

வைகைக்கரை (கேள்வி):

2023 ஆகஸ்ட் 19 அன்று புடாபெஸ்டில் நடந்த உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பின் மகளிர் 10,000 மீட்டர் இறுதி ஓட்டத்தை அண்மையில்தான் முழுமையாகப் பார்த்தேன். எத்தியோப்பியாவின் குடாஃப் செகாய் 31 நிமிடம் 27.18 விநாடியில் தங்கம் வென்றார். அதே நாட்டின் லெடெசென்பெட் கிடேயும் எஜ்கயெஹு டாயேயும் அடுத்த இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் கடைசி நேர்த்தடத்தில் முன்னணியில் இருந்தபோது, கோட்டுக்கு ஏறக்குறைய முப்பது மீட்டர் இருக்கையில் குப்புற விழுந்து, எழுந்து, பதினோராம் இடத்தில் முடித்தார்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த ஓட்டத்தில் இருந்த கிடேதான் அப்போதைய உலகச் சாதனைக்கு உரியவர். 2021 ஜூனில் நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 29:01.03 ஓடியவர். அதே ஊரில் அதற்கு இரண்டு நாள் முன்பு ஹசன் 29:06.82 ஓடியிருந்தார். இப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, இருபத்தைந்து சுற்றில் இருபதுக்கும் மேல் ஒரே கூட்டமாக ஓடிவிட்டு, கடைசி 400 மீட்டரில் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடுவதற்கு என்ன காரணம்? கடைசி வேகத்தில் ஹசனை வெல்வது கடினம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, மூன்று எத்தியோப்பியர்களும் சேர்ந்து தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் கூட்டி அவரைக் களைப்படையச் செய்திருக்கலாமே?

கூடவே இன்னொன்று. ஹசன் விழுந்ததற்குச் செகாய் பொறுப்பா? அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படாதது சரியா?

இதைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு காரணம் உண்டு. என் அக்கா மகள் மாவட்ட அளவில் 3000 மீட்டர் ஓடுகிறாள். "முன்னால் போகாதே, முதலில் ஓடுகிறவளை ஒட்டியே ஓடு" என்று பயிற்சியாளர் சொல்வது அவளுக்குக் கோழைத்தனமாகப் படுகிறது. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

சுற்று25:

கேள்வியின் முதல் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஹெங்கலோவில் ஓடியதும் புடாபெஸ்டில் ஓடியதும் ஒரே தூரம்தான் என்றாலும், இரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதனைக்காக ஏற்பாடு செய்யப்படும் ஓட்டத்தில் முதல் சில கிலோமீட்டர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கப் பேஸ்மேக்கர்கள் இருப்பார்கள். தடத்தின் உள்விளிம்பில் பதித்த விளக்குகள் சாதனை வேகத்தில் முன்னே ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறவர் காற்றையும் கடிகாரத்தையும் மறந்து அந்த ஒளியைத் துரத்தினால் போதும். சாம்பியன்ஷிப்பில் பேஸ்மேக்கரும் கிடையாது, விளக்கும் கிடையாது. முன்னால் போகிறவர் காற்றைத் தாமே கிழிக்க வேண்டும், வேகத்தைத் தாமே கணக்கிட வேண்டும். அவருடைய முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவருடைய செலவில் பயணம் செய்வார்கள்.

எண்களாகச் சொன்னால் வேறுபாடு தெளிவாகும். 29:01.03 என்பது சுற்றுக்கு 69.6 விநாடி. புடாபெஸ்டின் 31:27 என்பது சுற்றுக்குச் சராசரியாக 75.5 விநாடி, அதுவும் கடைசிச் சுற்றுகளின் வேகத்தைச் சேர்த்த சராசரி. இதைப் பார்த்து அவர்கள் சோம்பலாக ஓடினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இடம்தான் பதக்கம் தரும், நேரம் தராது. அந்தச் சாம்பியன்ஷிப்பில் தங்கத்துக்கு 70,000 டாலர், வெள்ளிக்கு 35,000, வெண்கலத்துக்கு 22,000 பரிசு; 29 நிமிடத்தில் நான்காவதாக வருவதைவிட 32 நிமிடத்தில் முதலாவதாக வருவதே ஓடுகிறவருக்கு வாழ்வு.

பியாட்ரிஸ் செபெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் இந்த வீராங்கனை 2024 மே மாதம் அமெரிக்காவின் யூஜினில் 28:54.14 ஓடி, 29 நிமிடத்துக்குள் 10,000 மீட்டரை முடித்த முதல் பெண் ஆனார். இரண்டரை மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் எந்தப் பதக்கமும் வெல்லாமல் போனார் என்று யாராவது நேரத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் நம்பத் தோன்றும், ஏனென்றால் அங்கே அவர் ஓடியது 10,000 மீட்டரில் 30:43.25. ஆனால் அதுதான் வெள்ளியைவிட 0.10 விநாடி முந்தி வந்த தங்கம். இரண்டாவதாக வந்த இத்தாலியின் நாடியா பாட்டோக்லெட்டி 30:43.35, மூன்றாவது ஹசன் 30:44.12. எத்தியோப்பியர்களுக்கு அந்த ஓட்டத்தில் பதக்கமே இல்லை.

மணியோசை:

"மூன்று எத்தியோப்பியர்களும் சேர்ந்து வேகத்தைக் கூட்டியிருக்கலாமே" என்ற கேள்விதான் இதில் சுவையானது. அதற்கான விடை புடாபெஸ்டில் இல்லை, அதற்கு முந்தைய ஓட்டங்களில் இருக்கிறது.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கிடே நீங்கள் சொன்னதைத்தான் செய்தார். கொதிக்கும் ஈரக்காற்றில் ஓட்டத்தின் பெரும்பகுதியைத் தலைமையேற்று நடத்தினார். பின்னால் ஒட்டிக்கொண்டே வந்த ஹசன் கடைசியில் வெளியே வந்து 29:55.32 விநாடியில் தங்கம் வென்றார். பஹ்ரைனின் கல்கிதான் கெசஹெக்னே 29:56.18 விநாடியில் வெள்ளி. உழைத்தவருக்குக் கிடைத்தது 30:01.72 விநாடியில் வெண்கலம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது. அடுத்த ஆண்டு யூஜின் உலகச் சாம்பியன்ஷிப்பில் கிடே கடைசிவரை தம் வேகத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டார். அங்கே முதல் நான்கு பேரும் 0.62 விநாடிக்குள் கோட்டைக் கடந்தார்கள்: கிடே 30:09.94, ஹெலன் ஒபிரி 30:10.02, மார்கரெட் கிப்கெம்போய் 30:10.07, ஹசன் 30:10.56. முன்னே போனபோது வெண்கலம், காத்திருந்தபோது தங்கம். அடுத்த ஆண்டு புடாபெஸ்டில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நினைக்கிறீர்கள்?

இனி செகாய். இவரைப் பலர் நெடுந்தொலைவு வீராங்கனையாக மட்டுமே பார்க்கிறார்கள். இவர் 2021 பிப்ரவரியில் உள்ளரங்க 1500 மீட்டரில் 3:53.09 ஓடி உலகச் சாதனை படைத்தவர். 2022 யூஜினில் 1500 மீட்டர் வெள்ளியும் 5000 மீட்டர் தங்கமும் வென்றவர். ஓட்டம் மெதுவாகப் போனால் ஹசனுக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு நன்மை இவருக்கும் உண்டு. அப்படியிருக்க, கிடேக்கு உதவும் வேகத்தைச் செகாய் ஏன் பிடித்துக் கொடுக்க வேண்டும்? சீருடை ஒன்றாக இருக்கலாம், பதக்கம் தனித்தனிதான். புடாபெஸ்ட் முடிந்து ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 17 அன்று, இதே செகாய் யூஜினில் 5000 மீட்டரை 14:00.21 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆகஸ்டில் அவர் மெதுவாக ஓடியது வலிமைக் குறைவால் அல்ல என்பது விளங்கும்.

ஹசனின் நிலையும் வேறு. புடாபெஸ்ட் ஓட்டத்தன்று பகலில் அவர் 1500 மீட்டர் தகுதிச் சுற்றை ஓடிவிட்டுத்தான் இரவு 10,000 மீட்டருக்கு வந்தார். அவர் கூட்டத்தின் பின்பகுதியில் தங்குவது பழக்கம். 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பின் 10,000 மீட்டரில் கடைசி 1500 மீட்டரை நான்கு நிமிடத்துக்குச் சற்று உள்ளாகவே ஓடித் தங்கம் வென்றவருக்கு முன்னால் போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

தடம் ஒன்று:

மேலே எழுதிய இருவரும் காத்திருப்பதே அறிவு என்ற தொனியில் எழுதியிருப்பதால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மகளிர் 10,000 மீட்டரின் மிகச் சிறந்த சாம்பியன்ஷிப் ஓட்டம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் 2016 ஆகஸ்ட் 12 அன்று காலை ரியோவில் நடந்ததைச் சொல்வேன். பேஸ்மேக்கரும் விளக்கும் இல்லாத ஒலிம்பிக் இறுதியில் எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா 29:17.45 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். சீனாவின் வாங் ஜுன்சியா 1993 இல் ஓடிய 29:31.78 என்ற சாதனை இருபத்து மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை 14 விநாடிக்கு மேல் முறியடித்தார். கென்யாவின் ஆலிஸ் அப்ரோட் தொடக்கத்திலிருந்து கடுமையான வேகத்தில் நடத்திச் சென்ற ஓட்டத்தில் முதல் 5000 மீட்டர் 14:46.81, பாதிக்குப் பிறகு அயானா பிரிந்து போய் இரண்டாவது பாதியை 14:30.64 விநாடியில் தனியாக ஓடினார். வெள்ளி வென்ற விவியன் செருயோட்டின் 29:32.53 கூடப் பழைய உலகச் சாதனையைவிட முக்கால் விநாடிதான் அதிகம். அடுத்த ஆண்டு இலண்டனில், காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஓடாமல் இருந்துவிட்டு நேரே உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வந்த அயானா, 30:16.32 விநாடியில் வென்றார். இரண்டாவதாக வந்த டிருனேஷ் டிபாபா 46 விநாடி பின்னால்! கடைசிச் சுற்றுக்கான மணி அடித்த பிறகு அரைச் சுற்று இடைவெளி இருக்கும்போது யாருடைய கடைசி வேகம் என்ன செய்துவிடும்?

எனவே முன்னே போவது மடத்தனம் என்று எந்தச் சிறுமிக்கும் சொல்லிவிட வேண்டாம்.

மணியோசை:

ரியோவை நானும் மறக்கவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து நடந்த 5000 மீட்டர் இறுதியில் அயானா மீண்டும் முன்னே பிரிந்து போனார். இம்முறை செருயோட்டும் ஒபிரியும் அவரைப் பிடித்துத் தாண்டினார்கள். அயானாவுக்குக் கிடைத்தது வெண்கலம், 14:33.59. அதாவது 10,000 மீட்டரின் இரண்டாவது பாதியில் தாம் ஓடிய நேரத்தைக்கூட, புதிதாகத் தொடங்கிய 5000 மீட்டரில் அவரால் எட்ட முடியவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் ஓட்டத்தின் பெரும்பகுதியை முன்னின்று நடத்தினார். கடைசிச் சுற்றில் டெரார்டு துலு, கெட்டே வாமி, ஃபெர்னாண்டா ரிபெய்ரோ மூவரும் அவரைத் தாண்டிப் போனார்கள். நான்காம் இடம், 30:26.97. துலுவின் தங்கம் 30:17.49.

முன்னே போவது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. மற்றவர்களைவிட எவ்வளவு வலிமை மிகுந்திருக்கிறது என்பதே கேள்வி. சுற்றுக்கு இரண்டு விநாடி மிகுந்திருந்தால் அயானாவைப் போல் போகலாம். அரை விநாடிதான் மிகுந்திருக்கிறது என்றால், அதைக் காற்றைக் கிழிப்பதிலேயே செலவழித்துவிட்டு, கடைசி 200 மீட்டரில் மூன்று பேருடைய முதுகைப் பார்க்க நேரும்.

தடம் ஒன்று:

ராட்கிளிஃப் தமக்குக் கடைசி வேகம் இல்லை என்று தெரிந்துதான் முன்னே போனார். பின்னால் இருந்திருந்தாலும் நான்காவதாகத்தான் வந்திருப்பார். அந்த நிலையில் முன்னே போவதே அவருக்கு இருந்த ஒரே வழி. அதைத் தோற்ற உத்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோட்டருகே:

யாரும் தொடாத இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முன்னணியில் இருந்த ஹசனுக்கு வெளிப்புறமாகச் செகாய் ஏறி வருவதும், களைப்பின் உச்சத்தில் ஹசன் சற்று வெளிப்பக்கம் சாய்வதும், இருவருடைய கைகளும் உரசுவதும், உடனே ஹசன் நிலை தடுமாறி விழுவதும் தெரியும். செகாய் தம் நேர்கோட்டில்தான் வந்துகொண்டிருந்தார். தடகள விதிப்படி உரசல் ஏற்பட்டாலே குற்றம் ஆகிவிடாது. இன்னொருவருடைய ஓட்டத்தைத் தடுக்கும் வகையில் இடித்ததோ வழி மறித்ததோ இருந்தால்தான் தகுதி நீக்கம். இங்கே அப்படி எதுவும் இல்லை. நடவடிக்கை எடுக்காதது சரியே.

விழுவதைப் பற்றிப் பேசும்போது கிடேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் நடந்த உலகக் கிராஸ் கன்ட்ரி (தடத்தில் அல்லாமல் திறந்தவெளி நிலத்தில் ஓடும் ஓட்டம்) சாம்பியன்ஷிப்பில், கோட்டுக்குச் சிறிது தூரமே இருக்கும்போது முன்னணியில் இருந்த கிடே சுருண்டு விழுந்தார். பின்னால் வந்த செபெட் தாண்டிச் சென்று வென்றார். விழுந்தவரை எழுப்பிவிட வெளியிலிருந்து ஒருவர் ஓடிவந்து கைகொடுத்ததால், கிடேக்குக் கிடைக்க வேண்டிய நான்காம் இடமும் பறிபோயிற்று. புடாபெஸ்டில் ஓட்டம் முடிந்தபின் ஹசனிடம் போய் ஆறுதல் சொன்னவர் இந்தக் கிடேதான். ஹசனோ மூன்று நாளில் 1500 மீட்டரில் வெண்கலமும், அதன்பின் 5000 மீட்டரில் வெள்ளியும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்.

ஒரு சிறு இடைச்செருகல்: புடாபெஸ்டில் ஹசன் விழுந்த அதே இரவில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் என்பவரும் முன்னணியில் இருந்தபடியே கோட்டருகே விழுந்தார். ஒரே நாட்டுக்கு ஒரே இரவில் இப்படி இரண்டு முறை நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொன்னி:

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறவள் என்ற முறையில், உங்கள் அக்கா மகளுக்கான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

3000 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. பயிற்சியாளர் சொல்வது அடிப்படையில் சரி. ஆனால் "ஒட்டியே ஓடு" என்பதோடு நிறுத்திவிட்டால் பிள்ளை உள்விளிம்பில் முதலில் ஓடுகிறவளுக்கு நேர் பின்னால் போய் நின்றுவிடும். பக்கத்தில் ஒருத்தி வந்துவிட்டால் முன்னாலும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது, பெட்டிக்குள் அடைபட்ட நிலைதான். முதலாமவளின் வலது தோளை ஒட்டி அரையடி வெளியே ஓடச் சொல்லுங்கள். அப்படி ஓடினால் கூடுதல் தூரம் வராதா என்று அவள் கேட்பாள். வரும், ஆனால் வளைவில் மட்டும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுற்றையும் இரண்டாம் தடத்திலேயே ஓடினால் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டியிருக்கும். ஏழு சுற்றும் அப்படி ஓடினால் ஐம்பது மீட்டருக்கு மேல் வீண். எனவே வளைவில் உள்ளே ஒடுங்குவதும், நேர்த்தடத்தில் தோளுக்கு வருவதும், யாரையாவது தாண்டுவதானால் வளைவு தொடங்கும் முன்பே தாண்டிவிடுவதும் பழக வேண்டியவை. உலகச் சாம்பியன்ஷிப் காணொளிகளில் கூட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் ஓயாமல் உள்ளும் வெளியுமாக நகர்வதைக் கவனியுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல் இருக்கும் இருபது சுற்றுகளில் அவர்கள் செய்யும் வேலை அதுதான்.

கோழைத்தனம் என்ற சொல்லுக்கு: காத்திருப்பவளுக்கும் ஒரு கடமை உண்டு. முதலாமவள் வேகத்தை மாற்றும் அதே நொடியில் தானும் மாற்ற வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால் முதுகின் மறைவும் போய்விடும், மனமும் போய்விடும். களைத்த காலோடு வேகத்தை மாற்றுவதற்குப் பயிற்சி வேண்டும். எங்கள் பிள்ளைகளை 2000 மீட்டர் சீராக ஓடவிட்டு, நிற்காமல் அடுத்த 400 மீட்டரை முழு வேகத்தில் ஓட வைப்போம். அந்த 400 எந்த இடத்தில் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். முதல் மாதம் எல்லாரும் திட்டுவார்கள்.

இன்னொன்று, கோட்டைத் தாண்டும்வரை கையைத் தூக்கக் கூடாது. 2009 பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பின் 10,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் மெசெலெக் மெல்காமு வென்றுவிட்டதாக நினைத்துக் கையை உயர்த்த, கென்யாவின் லினெட் மசாய் பாய்ந்து வந்து 0.10 விநாடியில் தங்கத்தைப் பறித்தார். 2015 பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப்பின் அதே ஓட்டத்தில் அமெரிக்காவின் மாலி ஹடில் வெண்கலம் உறுதி என்று கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கியபோது, உள்பக்கமாக வந்த அவருடைய சொந்த அணியின் எமிலி இன்ஃபெல்ட் 0.09 விநாடியில் முந்திவிட்டார். நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 5000 மீட்டரைக் காட்டலாம். முதல்நாள் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) வெள்ளி வென்ற களைப்போடு வந்த பாருல் சௌத்ரி, கடைசி நேர்த்தடம்வரை முன்னிலையில் இருந்த ஜப்பானின் ரிரிகா ஹிரோனாகாவை முடிவுக்குச் சில மீட்டர் இருக்கும்போது தாண்டி, 15:14.75 விநாடியில் தங்கம் வென்றார். ஹிரோனாகாவின் நேரம் 15:15.34.

வைகைக்கரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தோளை ஒட்டி ஓடுவது பற்றி அவளிடம் சொன்னேன். வளைவில் உள்ளே வந்தால் முன்னால் ஓடுகிறவளின் குதிகாலில் தன் கால் படுகிறது என்கிறாள். கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் இருக்கிறது போலும். மேலும், அவளுக்குக் காட்ட ஒரே ஒரு ஓட்டம் தேர்வு செய்ய வேண்டுமானால் எது?

பொன்னி:

குதிகாலில் படுகிறது என்றால் நேர் பின்னால் இருக்கிறாள் என்று பொருள். ஒரு பாத அகலம் வலப்புறம் விலகி, தன் இடது கால் முன்னால் ஓடுகிறவளின் வலது காலுக்கு வெளியே விழும்படி ஓடச் சொல்லுங்கள். பார்வை காலில் இருக்கக் கூடாது, முன்னவளின் தோள்பட்டைக்கு இடையில் இருக்க வேண்டும். அவள் வேகம் மாறப்போவது முதலில் தோளில்தான் தெரியும். இதை மெதுவான ஓட்டத்தில் ஒரு தோழியோடு இணையாகப் பழகினால் இரண்டு வாரத்தில் அச்சம் போய்விடும்.

காட்ட வேண்டிய ஓட்டம் 2022 யூஜின். ரியோவை அவள் 15 வயதில் பார்த்தால் அடுத்த போட்டியிலேயே முதல் சுற்றில் பிரிந்து ஓடிவிடுவாள்.

தடம் ஒன்று:

ஓடட்டுமே. மாவட்டப் போட்டியில் ஒருமுறை முன்னே போய்ப் பார்த்தால்தான் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். நான் ரியோவையே காட்டச் சொல்வேன், இருபத்தைந்து சுற்றையும்.